அத்தியாயம் 7: நோட் செத்துவிட்டதா, ஸ்டோரேஜ் தொங்குகிறதா?

கிளஸ்டர் திரையில் ஒரு நோட்டின் பெயருக்கு முன்னால் இருந்த பச்சைக் குறி மறைந்து, சாம்பல் நிறக் கேள்விக்குறி வந்து நிற்கிறது. உள்ளே ஓடும் மெய்நிகர் இயந்திரங்களின் பெயர்களும் சாம்பலாகிவிட்டன. உடனே எழுந்து போய் அந்த சர்வரின் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்துவதற்காகவே இந்த அத்தியாயம். கேள்விக்குறி வந்த நோட் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. அதன் நிலையைச் சொல்ல வேண்டிய நிரல் வேறு எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. அந்த வேறு ஏதோ ஒன்று, அநேகமாகப் பகிர்வு ஸ்டோரேஜ்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கல்லூரி ஆய்வகத்தை மனதில் வைத்துக்கொள்வோம். மூன்று சர்வர்கள், அவை பகிர்ந்துகொள்ளும் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. பெயர் வைக்கும்போது நோட்-1, நோட்-2 என்று வைக்காதீர்கள். பதற்றத்தில் தவறான இயந்திரத்தை அணைத்துவிட அதுவே போதும். நம் பெரம்பலூர் மாவட்டத்தின் நான்கு பேரூராட்சிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நோட்கள் பூலாம்பாடி, அரும்பாவூர், குரும்பலூர். ஸ்டோரேஜ் லப்பைகுடிக்காடு. தட்டுவதற்கு நீளமான பெயர்தான், ஆனால் ஸ்டோரேஜில் கை வைக்குமுன் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருப்பதும் நல்லதுதான்.

மென்பொருள் பிராக்ஸ்மாக்ஸ். வியன்னாவில் உள்ள நிறுவனம் 2008இல் முதல் பதிப்பை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் இது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கி, 2024 தொடக்கத்தில் இலவச இஎஸ்எக்ஸ்ஐ பதிப்பை நிறுத்தியபோது, சிறு நிறுவனங்களும் கல்லூரிகளும் உலகெங்கும் இதன் பக்கம் திரும்பின. அந்த இலவசப் பதிப்பு 2025இல் மறுபடி வந்தது. அதற்குள் பலர் வீடு மாறியிருந்தார்கள். மாறியவர்களுக்கு முதலில் புரியாமல் போவது இந்தக் கேள்விக்குறிதான்.

கட்டளைகளை இந்நூலில் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

யார் சொல்லும் செய்தி அது?

திரையில் தெரியும் நிலை ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கோரோசிங்க் என்ற நிரல், எந்தெந்த நோட் கூட்டத்தில் இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. பிஎம்எக்ஸ்சிஎஃப்எஸ் என்பது அமைப்புக் கோப்புகளை எல்லா நோட்களிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் கோப்பு முறைமை. பிவிஇஸ்டாட்டி என்பது சில விநாடிகளுக்கு ஒருமுறை சிபியு, நினைவகம், ஒவ்வொரு ஸ்டோரேஜிலும் எவ்வளவு இடம் என்று விசாரித்துத் திரைக்கு அனுப்பும் ஆள்.

சிவப்புப் பெருக்கல் குறி வந்தால் பேச்சு கோரோசிங்க் பக்கம்: அந்த நோட் கூட்டத்திலேயே இல்லை. சாம்பல் கேள்விக்குறி வந்தால் நோட் கூட்டத்தில் இருக்கிறது, ஆனால் பிவிஇஸ்டாட்டி வாய் திறக்கவில்லை. இந்த வேறுபாட்டை மட்டும் மனதில் இருத்திக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். சிவப்புக்கு நெட்வொர்க்கையும் மின்சாரத்தையும் பாருங்கள். சாம்பலுக்கு ஸ்டோரேஜைப் பாருங்கள்.

சாம்பல் நிற நோட்டுக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் நோட் உயிரோடு இருக்கிறது. உள்ளே ஓடும் இயந்திரங்களுக்குப் பிங் போனால் அவையும் நலம். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பிவிஇஸ்டாட்டி' என்று கேளுங்கள். செத்திருந்தால் மறுபடி தொடங்கலாம். இதனால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் எதற்கும் பாதிப்பில்லை. தொடங்கியதும் பச்சை வந்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி சாம்பலானால் அந்த நிரலில் குற்றமில்லை. அது ஒவ்வொரு முறையும் போய் முட்டிக்கொள்ளும் சுவர் எது என்று தேடுங்கள்.

கோரம்

சிவப்பு நிறத்தை முதலில் முடித்துவிடலாம். 'பிவிஇசிஎம் ஸ்டேட்டஸ்' என்று தட்டினால் மொத்த வாக்குகள், வந்திருக்கும் வாக்குகள், கோரம் உண்டா இல்லையா என்று காட்டும். பாதிக்கு மேல் வாக்குகள் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று நோட்டில் இரண்டு, நான்கில் மூன்று. பேரூராட்சி மன்றத்தில் கோரம் இல்லாவிட்டால் புதிய தீர்மானம் போட முடியாது, ஆனால் தெருவிளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். இங்கும் அப்படித்தான். ஓடும் இயந்திரங்கள் ஓடும். புதிதாக எதையும் தொடங்கவோ அமைப்பை மாற்றவோ முடியாது. அமைப்புக் கோப்புகள் இருக்கும் அடைவு படிக்க மட்டும் என்று பூட்டிக்கொள்ளும்.

ஒரு விதிவிலக்கு. உயர் கிடைப்பு வசதியை இயந்திரங்களுக்கு இயக்கியிருந்தால், கோரம் இழந்த நோட் சுமார் ஒரு நிமிடத்தில் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். சர்வர் 'தானாக அணைந்து எரிகிறது' என்று பவர் சப்ளையை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. லாகில் கோரம் இழந்த நேரத்தையும் ரீபூட் ஆன நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

கோரோசிங்க்குக்கு அகலமான நெட்வொர்க் வேண்டாம். தாமதமில்லாத நெட்வொர்க் வேண்டும். ஒரு பொட்டலம் போய்வர 5 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது பிராக்ஸ்மாக்ஸ் ஆவணத்தின் அளவுகோல். பகலெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு நள்ளிரவில் நோட்கள் சிவப்பாகி, தாமாகவே பச்சையானால் பேக்கப் அட்டவணையைப் பாருங்கள். பேக்கப்பும் ஸ்டோரேஜும் கோரோசிங்க்கும் ஒரே கேபிளில் போய்க்கொண்டிருக்கும். தனிச் சுவிட்ச் வாங்கப் பணம் இல்லையென்றால் பழைய ஒரு கிகாபிட் சுவிட்ச் ஒன்றை கோரோசிங்க்குக்கு மட்டும் ஒதுக்குங்கள். அது தாராளமாகப் போதும்.

'பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1' என்றொரு கட்டளை உண்டு. ஒரு வாக்கு இருந்தாலே கோரம் என்று வற்புறுத்தி ஒப்புக்கொள்ள வைப்பது அது. யூடியூபில் இதைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்கிறார்கள். மற்ற இரண்டு நோட்களும் உண்மையிலேயே அணைந்துவிட்டன என்று கண்ணால் பார்த்த பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். காரணம் இதோ: வட்டு பகிர்வு ஸ்டோரேஜில் இருக்கிறது. அரும்பாவூர் செத்துவிட்டது என்று நம்பி, அதில் ஓடிய மாணவர் பதிவு இயந்திரத்தைப் பூலாம்பாடியில் தொடங்குகிறீர்கள். அரும்பாவூரோ நெட்வொர்க் கேபிள் மட்டும் கழன்று, உள்ளே அதே இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கிறது. ஸ்டோரேஜுக்குப் போகும் கேபிள் வேறு என்பதால் அது அறுபடவில்லை. இப்போது இரண்டு இயந்திரங்கள் ஒரே வட்டுக் கோப்பில் எழுதுகின்றன. சில நிமிடங்களில் அந்தக் கோப்பு முறைமை சிதைந்துவிடும். பிறகு பேக்கப்தான் கதி.

ஆகவே இந்த ஒரு இடத்தில் பவர் பொத்தான் சரியான மருந்து. வேறு நோட்டில் இயந்திரத்தைத் தொடங்குமுன், பழைய நோட்டின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வாருங்கள்.

தொங்கும் ஸ்டோரேஜ்

இனி சாம்பல். நம் லப்பைகுடிக்காடு என்எஃப்எஸ் வழியாக ஒரு அடைவை மூன்று நோட்களுக்கும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு கிளஸ்டர்களில் அதுவே வழக்கம்.

என்எஃப்எஸ்ஸின் குணம் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். இயல்பாக அது 'ஹார்டு' முறையில் மவுண்ட் ஆகிறது. எதிர்முனை பதில் சொல்லாவிட்டால் பிழை என்று சொல்லித் திரும்பாது; பதில் வரும் வரை, நாள்கணக்கானாலும், கேட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தொட்ட நிரலும் அதோடு சேர்ந்து நின்றுவிடும். எவ்வளவு இடம் மீதி என்று பார்க்க 'டிஎஃப்' என்று தட்டியதும் திரை உறைந்து நிற்பது இதனால்தான். பிவிஇஸ்டாட்டியும் அதே கேள்வியைக் கேட்கப் போய் அதே இடத்தில் மாட்டிக்கொள்கிறது. இப்படித்தான் ஒரு ஸ்டோரேஜ் தொங்கினால் மூன்று நோட்களும் ஒன்றாகச் சாம்பலாகின்றன. மூன்று சர்வர்கள் ஒரே நேரத்தில் பழுதாவது அரிது. மூன்றுக்கும் பொதுவான ஒன்று பழுதாவதுதான் நடப்பு.

உறுதி செய்துகொள்ள 'பிஎஸ்' கட்டளையில் நிலைக் கட்டத்தைப் பாருங்கள். 'டி' என்ற எழுத்தோடு நிரல்கள் குவிந்திருந்தால் அவை உள்ளீடு-வெளியீட்டுக்காகக் காத்திருப்பவை. இன்னொரு அடையாளம்: சுமைக் கணக்கு நாற்பது, ஐம்பது என்று ஏறியிருக்கும், சிபியுவோ சும்மா இருக்கும். கெர்னல் லாகில் 'சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்' என்ற வரி நேரத்தோடு பதிவாகியிருக்கும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதனால் நேர்ந்தது என்று தேடும்போது அதுதான் நூல் முனை.

அடுத்த வேலை நோட்டில் இல்லை, லப்பைகுடிக்காட்டில். அது எரிகிறதா? வட்டுகளில் ஏதாவது சிவப்பு விளக்கு உண்டா? ரெய்டில் ஒரு வட்டு போய் மறுகட்டுமானம் நடந்துகொண்டிருந்தால் பதில் வரும், ஆனால் ஆமை வேகத்தில் வரும். ஸ்டோரேஜின் சொந்த மூல வட்டு நிரம்பிவிட்டதா? என்எஃப்எஸ் சேவை ஓடுகிறதா? இவற்றைச் சரிசெய்து ஸ்டோரேஜ் உயிர்பெற்றால், நோட்களில் தொங்கிய நிரல்கள் விட்ட இடத்திலிருந்து தாமாகத் தொடரும். ரீபூட் தேவையே இல்லை. ஹார்டு மவுண்டின் அருமை இதுதான். இடையில் பதறி நோட்டை அணைத்தவர் அந்த அருமையைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசை வரும்: 'சாஃப்ட்' முறையில் மவுண்ட் செய்தால் தொங்காதே? தொங்காது. சில முறை கேட்டுவிட்டு, எழுதுவதில் பிழை என்று திருப்பிவிடும். மெய்நிகர் இயந்திரத்தின் வட்டுக்கு அப்படிப் பாதியில் பிழை போனால் உள்ளே இருக்கும் தரவுத்தளம் கெடலாம். நிறுவல் கோப்புகள் மட்டும் இருக்கும் அடைவுக்குச் சாஃப்ட் பரவாயில்லை. இயந்திர வட்டு இருக்கும் அடைவுக்கு வேண்டவே வேண்டாம்.

ஸ்டோரேஜ் திரும்பி வராது என்று உறுதியாகிவிட்டால் மட்டும் கட்டாய அன்மவுண்ட். அதற்கும் அசையாவிட்டால் சோம்பல் அன்மவுண்ட் என்ற விருப்பம் உண்டு. அது பெயரை மட்டும் மரத்திலிருந்து கழற்றும்; அடியில் தொங்கும் நிரல்கள் அப்படியேதான் இருக்கும். அதன் பிறகு பிவிஇஸ்டாட்டியை மறுபடி தொடங்கினால் பச்சை வரலாம். பச்சை வந்துவிட்டதே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பிராக்ஸ்மாக்ஸ் அமைப்பிலும் அந்த ஸ்டோரேஜை முடக்கி வையுங்கள். இல்லையென்றால் அதுவே மறுபடி மவுண்ட் செய்யப் போய் மாட்டிக்கொள்ளும்.

'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று வந்தால் கதை வேறு. எதிர்முனை உயிரோடு இருக்கிறது, ஆனால் நாம் பிடித்திருந்த அடைவு அங்கே இல்லை. யாரோ அதை அழித்து அதே பெயரில் புதிதாக உருவாக்கியிருப்பார்கள். அல்லது ஸ்டோரேஜை மீட்டமைத்திருப்பார்கள். அன்மவுண்ட் செய்து மறுபடி மவுண்ட் செய்தால் தீரும்.

கோப்பெல்லாம் படிக்க முடிகிறது, ஆனால் திரையில் ஸ்டோரேஜ் 'ஆஃப்லைன்' என்று காட்டுகிறதா? ஃபயர்வாலைப் பாருங்கள். என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் பிராக்ஸ்மாக்ஸ் 'ஷோமவுண்ட்' கட்டளையால் பட்டியலைக் கேட்டுத்தான் நிலையைத் தீர்மானிக்கிறது. 2049 போர்ட்டை மட்டும் திறந்து 111ஐ மூடியிருந்தால் பட்டியல் கிடைக்காது. ஏற்கெனவே மவுண்ட் ஆனது மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும்.

பலரைப் பைத்தியமாக்கும் இன்னொரு பழுது உண்டு. பிங் போகிறது, உள்நுழைய முடிகிறது, சிறு கோப்புகள் திறக்கின்றன. பெரிய கோப்பை நகலெடுத்தால் மட்டும் தொங்குகிறது. இது எம்டியு பொருந்தாமை. சர்வர்களில் 9000 என்று வைத்துவிட்டு நடுவில் இருக்கும் சுவிட்சில் 1500 என்றே விட்டிருப்பார்கள். சிறு பொட்டலம் நுழையும், பெரியது விழும். துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு 8972 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். தலைப்பின் 28 பைட்டைச் சேர்த்தால் 9000 கணக்கு சரியாக வரும். அது போகவில்லையென்றால் பழி சுவிட்ச் மீதுதான். எங்கே எந்த அளவு என்று நினைவில்லாவிட்டால் எல்லாவற்றையும் 1500க்குத் திருப்பிவிடுங்கள். சிறு கிளஸ்டரில் 9000 தரும் வேகத்தைவிட 1500 தரும் நிம்மதி பெரிது என்பது என் தீர்ப்பு.

பராமரிப்பு நாள்

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 முதல் மின்சாரம் இருக்காது என்று ஊர்ப் பெயர்களோடு நாளிதழில் அறிவிப்பு வரும். யுபிஎஸ் சில மணி நேரம் தாங்கும். பிறகு எல்லாம் கண்ட வரிசையில் விழும். மாலையில் கரண்ட் வந்ததும் எல்லாம் ஒன்றாக எழும். கிளஸ்டர் பழுதுகளில் பெரும்பகுதி இந்த எழுச்சியில் பிறப்பவை.

நோட்கள் சீக்கிரம் எழுந்துவிடும். ஸ்டோரேஜ் தன் வட்டுகளைச் சரிபார்த்து எழ நேரமாகும். அதற்குள் நோட் மவுண்ட் செய்யப் பார்த்துத் தோற்றிருக்கும். பிராக்ஸ்மாக்ஸின் என்எஃப்எஸ் வகையாக ஸ்டோரேஜைச் சேர்த்திருந்தால் பிறகு தானே முயன்று பிடித்துக்கொள்ளும். நீங்களே எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, அதைச் சாதாரண 'அடைவு' வகையாகச் சேர்த்திருந்தால் ஆபத்து. மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்தப் பெயரில் வெற்று அடைவு ஒன்று நோட்டின் சொந்த வட்டில் இருக்குமே! இரவு பேக்கப் சமர்த்தாக அதில் போய் விழும். மூல வட்டு நிரம்பி நோட் திணறும். காலையில் நீங்கள் மவுண்ட் செய்ததும் அந்தப் பேக்கப் கோப்புகள் மவுண்டின் அடியில் மறைந்துவிடும். இடம் எங்கே போயிற்று என்றே தெரியாது. அமைப்பில் 'இஸ்_மவுண்ட்பாயிண்ட்' என்ற ஒரு வரி சேர்த்தால் மவுண்ட் ஆகாதவரை அந்த அடைவைத் தொடாது. இன்றே சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது கடிகாரம். பழைய சர்வரில் மதர்போர்டின் நாணய பேட்டரி தீர்ந்திருந்தால், முழுவதும் அணைந்து எழும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். நேரம் பொருந்தாவிட்டால் சான்றிதழ்கள் செல்லாது, நோட்கள் ஒன்றையொன்று நம்பாது. 'டேட்' என்று மூன்றிலும் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும். பேட்டரியின் விலை ஒரு தேநீர்ச் செலவுக்குச் சற்று மேலே.

இன்னொன்று, வளையம். ஸ்டோரேஜை ஐபி எண்ணால் அல்லாமல் பெயரால் சேர்த்திருக்கிறீர்கள். அந்தப் பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் சர்வர் ஒரு மெய்நிகர் இயந்திரம். அந்த இயந்திரத்தின் வட்டு அதே ஸ்டோரேஜில். ஆண்டு முழுக்கப் பிரச்சினையில்லை. எல்லாம் ஒன்றாக அணைந்த அன்றுதான் எதுவும் எழாது. ஐபி எண்ணையே எழுதுங்கள், அல்லது மூன்று நோட்களின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் பெயரை எழுதி வையுங்கள்.

திருச்சியில் இதே கதை

நம் பிள்ளைகளில் சிலர் திருச்சி என்ஐடியில் ஆய்வு செய்கிறார்கள். அங்கே 2022 மே 25 அன்று பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இயங்கத் தொடங்கியது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் இயக்கத்தின் கீழ் சிடாக் அமைத்தது. திறன் 838 டெராஃப்ளாப்ஸ். சிபியு நோட்கள், ஜிபியு நோட்கள், கூடுதல் நினைவகம் கொண்ட நோட்கள், இவற்றை இணைக்கும் இன்ஃபினிபேண்ட், குளிர்விக்கத் திரவம். பரம் வரிசை இயந்திரங்களில் வேலைகளைப் பங்கிடுவது ஸ்லர்ம். பகிர்வு ஸ்டோரேஜ் லஸ்டர். அளவு வேறு, குணம் அதேதான்.

ஸ்லர்மில் 'சின்ஃபோ' என்று தட்டினால் நோட்களின் நிலை வரும். 'டவுன்' என்பதன் பின்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அந்த நோட் பதிலே சொல்லவில்லை. 'ட்ரெயின்' என்றால் நோட் உயிரோடு இருக்கிறது, புது வேலை தர வேண்டாம் என்று யாரோ அல்லது ஸ்லர்மே ஒதுக்கி வைத்திருக்கிறது. 'சின்ஃபோ'வோடு பெரிய ஆர் விருப்பத்தைச் சேர்த்தால் காரணமும் தெரியும். 'லோ ரியல்மெமரி' என்று காரணம் வந்தால், இருக்க வேண்டிய நினைவகத்தில் ஒரு பகுதியை நோட் காணவில்லை. ரேம் குச்சியைப் பாருங்கள். முஞ்ச் என்ற அடையாளச் சீட்டு இயல்பாக ஐந்து நிமிடமே செல்லும் என்பதால், கடிகாரம் அதற்கு மேல் விலகினாலும் நோட் ஒதுங்கிவிடும்.

நம் தலைப்புக்கு நேராக வரும் காரணம் 'கில் டாஸ்க் ஃபெயில்டு'. நேரம் முடிந்த வேலையை ஸ்லர்ம் கொல்லப் பார்க்கிறது; அந்த நிரல் ஸ்டோரேஜுக்காகக் காத்து 'டி' நிலையில் கிடக்கிறது; இயல்பு அமைப்பில் 60 விநாடி பார்த்துவிட்டு நோட்டையே ஒதுக்கிவிடுகிறது. திரையில் தெரிவது நோட் பழுது. உண்மையில் நொண்டுவது ஸ்டோரேஜ். காரணத்தைச் சரிசெய்யாமல் 'ரெஸ்யூம்' கொடுத்தால் அடுத்த வேலையோடு அந்த நோட் மறுபடி விழும்.

லஸ்டரில் தரவு ஓஎஸ்டி எனப்படும் பல ஸ்டோரேஜ் பகுதிகளில் பிரிந்து கிடக்கும். மொத்தத்தில் இடம் நிறைய இருந்தும் 'இடமில்லை' என்று வந்தால் 'எல்எஃப்எஸ் டிஎஃப்' தட்டுங்கள். ஏதாவது ஒரு ஓஎஸ்டி மட்டும் நிரம்பியிருக்கும். இடம் இருந்தாலும் கோப்பு எண்ணிக்கை தீர்ந்திருக்கலாம். லட்சக்கணக்கில் சிறு கோப்புகளைக் கொட்டும் நிரல்தான் அதற்குக் காரணம். அவற்றை டார் கோப்பாகக் கட்டி வையுங்கள். அங்கே நீங்கள் மாணவராக இருந்தால் வேறு எதையும் திருத்த முடியாது. உதவிக் குழுவுக்கு எழுதும்போது 'வேலை ஓடவில்லை' என்று எழுதாதீர்கள். வேலை எண், நோட்டின் பெயர், தொங்கிய நேரம், எந்த அடைவு என்ற நான்கையும் எழுதுங்கள்.

உங்கள் சொந்த கிளஸ்டருக்கு ஒரே ஒரு வேலை மிச்சம்: எழுப்பும் வரிசையை எழுதி வைப்பது. முதலில் சுவிட்ச், அடுத்து ஸ்டோரேஜ், அது முழுதாக எழுந்ததைப் பார்த்த பிறகு நோட்கள், அவற்றில் டிஎன்எஸ் இருக்கும் இயந்திரம், பிறகு மற்றவை. அணைக்கும்போது இதற்குத் தலைகீழ். ஒவ்வொன்றின் ஐபி எண்ணோடும் இந்த வரிசையைக் கொட்டை எழுத்தில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கணினியில் தட்டினாலும் சரி, அச்செடுத்து ஒட்டிவிடுங்கள். கிளஸ்டருக்குள் மட்டும் சேமித்து வைக்காதீர்கள்.